வாய் தவறியவர்கள், வாயே தவறானவர்கள்

சித்தேரிக்குப் போயிருந்தோம். மொழியியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற நம் தோழர் ஒருவருடன், அரூரிலிருந்து மலையேறும் பஸ்ஸில். அவர் கையில் கோடு போட்ட நோட்டு ஒன்று. மக்கள் அன்றாடம் பேசும்போது வாய் தவறிச் சொல்கிறவற்றைக் கேட்டபடியே எழுதிச் சேர்ப்பது அவருடைய ஆய்வின் முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமை, வங்கிக்கு லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

மலைமேல் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டுப் பாட்டி பேரனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "டேய், தண்ணிக்கு மாட்ட காட்டுடா!" சொல்லி வாய் மூடுவதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அட என் வாயி... மாட்டுக்குத் தண்ணிய காட்டுடா" என்றார். பேரனும் சிரித்தான். தோழர் நோட்டைத் திறந்து தேதி, நேரம், சொன்னவர் வயது, சொல்ல நினைத்தது, சொன்னது என்று ஐந்து கட்டத்திலும் எழுதினார்.

கொஞ்ச நேரம் போனது. பாட்டி தன் சின்ன வயசுக் கதைக்குள் போனார். அரூர் சந்தையில் பார்த்த "குருத வண்டி"யைப் பற்றிச் சொன்னார். தோழர் மறுபடி நோட்டைத் திறந்தார். சொல்ல நினைத்தது: குதிரை. சொன்னது: குருத. நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். இறங்கி வருகிற பஸ்ஸில் அரூர் வரைக்கும் இதே சண்டைதான். அந்தச் சண்டைதான் இந்த இதழின் தலையங்கம்.

முதலில் மாட்டையும் தண்ணியையும் பார்த்துவிடுவோம். சொல்ல வந்தது 'மாட்டுக்குத் தண்ணிய'. வந்து விழுந்தது 'தண்ணிக்கு மாட்ட'. பெயர்கள் ரெண்டும் ஆள் மாறிவிட்டன. ஆனால் 'க்கு' தன் இடத்திலேயே நிற்கிறது, இரண்டாம் வேற்றுமையும் தன் இடத்திலேயே நிற்கிறது. நாற்காலிகள் அப்படியே இருக்க, உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் இடம் மாறிய கதை. இன்னும் உற்றுக் கேளுங்கள். இடம் மாறிப்போன 'மாடு' புது இடத்தில் 'மாட்ட' என்று ஒற்று இரட்டித்து நிற்கிறது. 'மாடுய' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தூக்கக் கலக்கத்தில்கூட. நெடிலை அடுத்து வரும் 'டு' உருபு ஏற்கும்போது இரட்டிக்கும் என்று புலவர் வகுப்பில் பாடம் நடத்துவார்களே, அந்த விதி பள்ளிக்கூடத்து வாசல் மிதிக்காத ஒரு மலைக்கிழவியின் வாயில், வாய் தவறிய அந்த நொடியிலும் கெடாமல் வேலை செய்கிறது. நாக்குதான் தவறியது, அவருக்குள் இருக்கிற இலக்கணம் ஒரு மயிரிழைகூடத் தவறவில்லை.

இதைக் கண்டுபிடிக்கத்தான் உலகம் முழுக்க வாய்த்தவறுகளைச் சேர்த்து வைக்கிறார்கள். 1895இல் ருடோல்ஃப் மெரிங்கர் என்கிற மொழியியலாளர், கார்ல் மேயர் என்கிற மருத்துவரோடு சேர்ந்து, தன்னைச் சுற்றி இருந்தவர்கள் வாய்தவறிப் பேசியதையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். ஆஸ்திரிய நாடாளுமன்றத்தில் ஒரு அவைத்தலைவர் கூட்டத்தைத் தொடங்கி வைக்க எழுந்து, "கூட்டம் முடிந்தது" என்று அறிவித்த கதை அவர் பதிவு செய்ததுதான். 1901இல் சிக்மண்ட் ஃபிராய்ட் அதை எடுத்துக்கொண்டு, அந்த ஆளுக்குக் கூட்டம் எப்போது முடியும் என்கிற ஆசை உள்ளே இருந்திருக்கும் என்றார். (நம்ம கூட்டங்களிலும் "இத்துடன் தொடங்கி வைக்கிறேன்" என்று ஒரு மூத்த தோழர் சொன்னதுண்டு. ஏழு பேர் பேச வேண்டியிருந்தது. ஃபிராய்ட் சொன்னது பொய்யில்லை.) பிறகு அமெரிக்காவில் விக்டோரியா ஃபிராம்கின் தான் சேர்த்த வாய்த்தவறுகளை வைத்து 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். கண்டபடி உளறுவதுபோல் தோன்றுவதில்கூட ஒழுங்கு இருக்கிறது, பெயர் இருக்கிற இடத்துக்குப் பெயர்தான் தாவும், சொல்லின் முதல் ஒலி இன்னொரு சொல்லின் முதல் ஒலியோடுதான் பெரும்பாலும் இடம் மாறும், வருவது எதுவானாலும் அந்த மொழியில் வரக்கூடிய ஒலியாகத்தான் வரும் என்று காட்டினார். 'பச்ச மொளகா' என்பது 'மச்ச பொளகா' ஆகலாம். தமிழன் வாய் எவ்வளவு குழறினாலும் 'ங்'கில் தொடங்கும் சொல்லாகிவிடாது.

ஆகவே இந்தச் சேகரிப்பை நாம் கேலி பண்ணவில்லை. மூளைக்குள் மொழி எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைத் திறந்து பார்க்க முடியாது, அது தவறி விழும்போதுதான் உள்ளே இருப்பது தெரிகிறது. சட்டி உடைந்தால்தான் எத்தனை பூச்சு என்று தெரியும் என்பதுபோல. படித்தவன் தலைக்குள்ளும் படிக்காதவள் தலைக்குள்ளும் ஒரே நுட்பமான எந்திரம் ஓடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இது நமக்கு வேண்டிய அறிவு.

நமக்கும் தோழருக்கும் சண்டை வந்தது 'குருத'யில்.

வாய்த்தவறு என்றால் என்ன? சொன்னவர் தானே கேட்டு, தானே சிரித்து, தானே திருத்திக்கொள்வது. அல்லது நாம் திரும்பச் சொல்லிக் காட்டினால் "அய்யோ, அப்படியா சொன்னேன்" என்பது. பாட்டி 'தண்ணிக்கு மாட்ட' என்றதும் சிரித்தார். 'குருத' என்றபோது சிரிக்கவில்லை. அவர் மகன் அப்படித்தான் சொல்கிறான், பக்கத்து வீடு அப்படித்தான் சொல்கிறது, அடிவாரத்தில் எங்கள் காலனியில் என் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். ஒரு ஊரே நாலு தலைமுறையாக வாய் தவறிக்கொண்டிருக்க முடியுமா? அது அவர்கள் மொழி. சிரித்தது யார் என்று பார்த்தால் போதும், இரண்டையும் பிரித்துவிடலாம். தானே சிரித்தால் தவறு. அடுத்தவன் சிரித்தால் அங்கே வேறு என்னமோ நடக்கிறது.

அடுத்தவன் சிரிப்பது எனக்கு ஏழு வயதிலேயே பழக்கம். பள்ளிக்கூடத்தில் 'வாளப்பளம்' என்று வாசித்தேன். வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்தி, "சேரி நாக்குக்கு ழ வராதுடா" என்றார். வகுப்பு மொத்தமும் சிரித்தது. அதே வாத்தியார் அன்றைக்குப் பலகையில் தேதி எழுதும்போது, "இன்னிக்கு என்ன, வியாளக்கெளமையா?" என்று கேட்டார். ஒருத்தனும் சிரிக்கவில்லை. எனக்கும் அது காதில் விழவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறைக்கிறது. ரொம்ப வருடம் கழித்துத்தான், ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது, அந்த வியாளக்கெளமை என் காதில் விழுந்தது.

வாய்த்தவறு சேகரிப்பதில் இருக்கிற பெரிய சிக்கலும் இதேதான் என்று மொழியியலாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பேசுகிறவன் நாக்கு தவறுவதுபோலக் கேட்கிறவன் காதும் தவறும். எதிர்பார்க்கிற சொல்லைத்தான் காது கேட்கும். தவறி வந்ததையும் சரியாக்கிக்கொண்டு உள்ளே அனுப்பிவிடும். அதனால் நோட்டில் ஏறுவது நடந்ததில் ஒரு பங்குதான். நாம் இதோடு ஒன்றைச் சேர்க்கிறோம்: அந்தக் காதுக்கும் சாதி உண்டு. பெரிய மனுசன் பேசினால் காது பல்லக்குத் தூக்கிபோலப் பிசிறில்லாமல் சுமந்துபோய் இறக்கும். நம்மவன் பேசினால் ஒவ்வொரு எழுத்தையும் சோதனைச்சாவடியில் நிறுத்தும்.

தமிழ் இலக்கணக்காரர்களுக்கும் இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும். எது வழக்கு என்றால் உயர்ந்தோர் பேசுவதுதான் வழக்கு என்று தொல்காப்பிய மரபியலே முடித்துவைத்தது. அதனால் உயர்ந்தோர் வாய் தவறினால் அதற்கு ஒரு பெயர் வைத்து உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். வழு என்று ஒன்று, வழுவமைதி என்று இன்னொன்று. 'தசை' என்பது எழுத்து இடம் மாறி 'சதை' ஆனால் ஏற்றுக்கொள்ளலாம். 'வைசாகி' புரண்டு 'வைகாசி' ஆனால் அந்த மாதத்தில் முகூர்த்தம் வைத்துக் கல்யாணமே பண்ணலாம். 'இல்முன்' தலைகீழாகி 'முன்றில்' ஆனால் இலக்கணப்போலி. தஞ்சாவூர் தஞ்சையானால் மரூஉ. ஆனால் குதிரை, அதே மாதிரி எழுத்து இடம் மாறி, 'குருத' ஆனாலோ, மதுரை 'மருத' ஆனாலோ கொச்சை! சதைக்கும் குருதைக்கும் நடந்தது ஒரே காரியம். ஒன்று புலவர் வீட்டுக்குள் நடந்தது, இன்னொன்று குதிரைக்குப் புல்லு அறுத்தவன் வீட்டில் நடந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

லத்தீன் உலகத்திலும் இப்படி ஒரு வாத்தியார் இருந்திருக்கிறார். பெயர் தெரியாது. லத்தீனை மக்கள் கெடுக்கிறார்கள் என்று வயிறெரிந்து, இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே என்று இருநூற்றுக்கும் மேலான சொற்களுக்குப் பட்டியல் போட்டார். காதுக்கு 'அவுரிஸ்' என்று சொல், 'ஒரிக்ளா' என்று சொல்லாதே என்பது அதில் ஒன்று. அப்பெண்டிக்ஸ் புரோபி என்று அந்தப் பட்டியலுக்குப் பெயர். இன்றைக்கு இத்தாலியன் காதை 'ஒரெக்கியோ' என்கிறான், பிரெஞ்சுக்காரன் 'ஒரேய்' என்கிறான். இரண்டும் அந்தக் கொச்சை ஒரிக்ளாவின் பிள்ளைகள். அவுரிஸைப் பேசுவார் இல்லை. வாத்தியார் திட்டி எழுதிய பட்டியல்தான், அந்தக் காலத்து எளிய சனம் எப்படிப் பேசியது என்பதற்கு இன்றைக்கு நமக்குக் கிடைத்திருக்கிற சாட்சிகளில் முக்கியமானது. ஆகவே தோழரின் நோட்டில் 'குருத' இருக்கட்டும். தலைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றி எழுதியவர்களும் உண்டு. ஹென்றி ஃப்ரை என்பவர் 1929இல் 'பிழைகளின் இலக்கணம்' என்றே ஒரு நூல் எழுதினார். அவருக்குச் சான்றுகள் கிடைத்த இடங்களில் ஒன்று, முதல் உலகப் போரில் சிறைப்பட்ட சிப்பாய்களைத் தேடி அவர்கள் வீட்டு மனிதர்கள் ஜெனீவாவுக்கு எழுதிய கடிதங்கள். மகனைக் காணாத தாய் இலக்கணம் பார்த்தா எழுதுவாள்? அந்தப் பிழைகளைத் திருத்த வேண்டிய குப்பையாகப் பார்க்காமல், மொழி எந்தத் தேவைக்காக அப்படி வளைகிறது என்று அவர் கேட்டார். அமெரிக்காவில் வில்லியம் லபோவ் 1960களில் ஹார்லம் கறுப்புப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுப் பதிந்து, மொழி வளம் இல்லாத பிள்ளைகள் என்று கல்வியாளர்கள் முத்திரை குத்தியவர்களின் பேச்சில் எவ்வளவு தர்க்கம் இருக்கிறது என்று காட்டினார். ஆன் ஆர்பர் நகரத்துக் கறுப்புத் தாய்மார்கள் நீதிமன்றம் போனார்கள். பிள்ளைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் வாசிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று 1979இல் தீர்ப்பு வாங்கினார்கள்.

இங்கே? கிரியர்சனின் மொழிக் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்துக்குள் வரவே இல்லை. 1960களில் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் சாதிக் கிளைமொழிகளை ஆராய்ந்தார்கள். பிராமணத் தமிழ், பிராமணரல்லாதார் தமிழ் என்று ஒப்பிட்டார்கள். அய்யங்காருக்கு எதிரே முதலியாரை நிறுத்தினால் தமிழ் முடிந்துவிட்டது. அந்த 'அல்லாதார்'க்குள் அல்லாதாராக நம் சேரி எங்கே நிற்கிறது, சித்தேரி எங்கே நிற்கிறது என்று தேடிக்கொள்ள வேண்டியதுதான். இப்போது செல்போனில் பேசினால் எழுத்தாகிறது. ஒன்றிய அரசே 2022இல் பாஷிணி என்று ஆரம்பித்திருக்கிறது. எந்திரம் கற்றுக்கொள்வது சேகரித்துப் போடுகிற குரல்களிலிருந்துதான். 'குருத வண்டி' என்று என் போனில் சொல்லிப் பார்த்தேன். 'குருதி வண்டி' என்று எழுதிக் காட்டியது.

போன் தப்பு செய்தால் அழித்துவிட்டு மறுபடி சொல்லலாம். மனிதர்கள் விசயத்தில் அப்படியில்லை.

எங்கள் கவுண்டருக்கு ஒருமுறை மலையிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். கணக்குத் தொடங்கும் படிவம் நிரப்பிக்கொண்டே நான் கேட்டேன், "நாமினி பேரு சொல்லுங்கம்மா." அவர் யோசித்துவிட்டு, "மாமியா பேரா? அது செத்துப் பத்து வருசமாச்சே சாமி" என்றார். எனக்குப் பின்னால் சிரிப்பு. நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. பிறகு உட்கார்ந்து யோசித்தால், காதில் விழுந்த புரியாத ஒலியைத் தனக்குத் தெரிந்த உறவுப் பெயராக மாற்றிக்கொண்டு, அதற்கு ஒழுங்கான பதிலும் சொன்னது அவர். 'உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பணம் யாருக்குப் போகணும்' என்று தமிழில் கேட்கத் தெரியாமல் வாய் தவறியது நான். அவர் என்னைச் 'சாமி' என்றாரே, அது இன்னொரு கதை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் யாராக இருந்தாலும் சாமி என்று சொல்லப் பழக்கப்படுத்தப்பட்ட நாக்கு.

இங்கேதான் விசயம் சூடாகிறது. ஊருக்குள் நம்மைச் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, புகார் என்று வந்தால் முதலில் சொல்வது என்ன? "வாய் தவறி வந்துடுச்சுங்க." 1989ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேண்டுமென்றே அவமதித்ததா என்று கேட்கிறது. உடனே எதிர்த்தரப்பு வாய்தவறலைக் கொண்டுவந்து நிறுத்தும். ஃபிராய்டும் ஃபிராம்கினும் வந்து சாட்சி சொன்னால்கூட, வாய்த்தவறு என்றால் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் வருவது, சொன்ன ஆளே துணுக்குறுவது என்றுதான் சொல்வார்கள். நாப்பது வருடமாகத் தினம் சொன்ன சொல் தவறி வந்ததாகாது, பழகி வந்தது. அதே தெருவில் நம் பையன் ஒருத்தன் அவசரத்தில் 'ங்க' போடாமல் "இந்தா, வழிய விடு" என்று சொல்லிவிட்டால், அது நிசமான வாய்த்தவறாகவே இருந்தாலும், திமிர் என்று பெயர். அவனுக்கு மன்னிப்பு இல்லை. மன்னிக்கப்படுகிற வாய்த்தவறு ஒரு சொத்து. அந்தச் சொத்தும் நிலம் மாதிரியே பங்கிடப்பட்டிருக்கிறது.

சித்தேரி மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து செய்த அட்டூழியத்தை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துவிட்டார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29. முப்பத்தோரு வருடம். அந்தப் பெண்கள் எத்தனை பேரிடம், எத்தனை முறை, அதே கொடுமையை அதே வார்த்தைகளில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்! குறுக்கு விசாரணை என்றால் என்னவென்று கோர்ட்டு வாசல் ஏறியவர்களுக்குத் தெரியும். முன்னே 'சாயந்தரம்' என்று சொல்லிவிட்டு இப்போது 'பொழுதுபோய்' என்கிறாயே என்பார்கள். நாக்கு ஒருமுறை தவறினால் முரண்பாடு. சாட்சி சொல்வது தட்டச்சில் ஏறும்போது அவர் பேச்சு வேறொரு தமிழாகியிருக்கும், பல வேளை இங்கிலீசே ஆகியிருக்கும். பிறகு அந்தத் தாளில் இருப்பதற்கு அவர்தான் பொறுப்பு. வாச்சாத்திப் பெண்களின் சொல் இதையெல்லாம் தாண்டி நின்றது என்றால், அது சாதாரண நாக்கு இல்லை தோழர்களே.

எழுதி வைக்கிறவன் கை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே ஆதாரம் இருக்கிறது. பழங்குடிப் பட்டியலில் ஒரு பெயர் 'குருமன்ஸ்'. ஆங்கிலத்தில் பன்மைக்குப் போட்ட 'ஸ்' சாதியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு சட்டமாகிவிட்டது. தமிழில் அந்தப் பெயரை எழுதும்போதும் 'ஸ்' போட்டே எழுத வேண்டியிருக்கிறது. யாரும் அதைக் கொச்சை என்று சொல்லவில்லை. சித்தேரிக்காரர்களுக்குப் பட்டியலில் 'மலையாளி' என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள், பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கதை சொல்கிறவர்கள். கீழே இறங்கி வந்தால், "கேரளாவா?" என்று கேட்கிறவர்களை இன்றைக்கும் சந்திக்கிறார்கள். இந்தத் தவறுகளைச் சேகரிக்க யார் நோட்டு வைத்திருக்கிறார்கள்?

ஆய்வு செய்கிற மாணவத் தோழர்களிடம் கேட்பது இதுதான். சேகரியுங்கள். சேரியில், மலையில், பஸ் ஸ்டாண்டில், அதோடு ஆட்சியர் அலுவலகத்திலும் கருத்தரங்க மேடையிலும். பேராசிரியர் வாய் தவறுவதையும் எழுதுங்கள், பயப்படாதீர்கள். உங்கள் ஐந்து கட்டத்தோடு இன்னும் கொஞ்சம் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: திருத்தியது யார், சிரித்தது யார், மன்னிப்புக் கேட்டது யார், கேட்காமலே மன்னிக்கப்பட்டது யார். சொன்னவருக்கே படித்துக் காட்டி, இது தவறி வந்ததா, எப்போதும் சொல்வதா என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் முடிவு, உங்கள் அகராதி சொல்வது இல்லை. ஆள் பெயரை எழுதாதீர்கள். பெயர் போட்ட ஒரு கேலிப் பட்டியல் ஊருக்குள் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று நாம் பார்த்திருக்கிறோம்.

தோழர் அன்றைக்குக் கிளம்பும்முன்பே, என் வற்புறுத்தலில், பாட்டிக்கு நோட்டைப் படித்துக் காட்டினார். 'தண்ணிக்கு மாட்ட' வந்ததும் பாட்டிக்கு மறுபடி சிரிப்பு. 'குருத'யைப் படித்ததும், "ஆமா, குருத. அதுல என்னா?" என்றார். பிறகு கேட்டார்: "காலையில நீ வந்ததும் 'சாப்டீங்களா'ன்னு கேட்டதுக்கு, தண்ணி தின்னுட்டு சோறு குடிச்சிட்டுத்தான் வந்தோம்னு சொன்னியே, அத எழுதினியா சாமி?"

தோழர் பக்கத்தைப் புரட்டினார். அது நோட்டில் இல்லை. சொன்னது அவருக்கே நினைவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது காதில் விழுந்திருக்கவில்லை.